விசாரிக்க வந்தவன்

கழுத்தில் தொங்கும் அட்டையில் 'சாப்ளின்சி சப்போர்ட்' என்று போட்டிருக்கிறது. முதல் நாள் லிஃப்டில் ஏறியபோது, ட்ராலி தள்ளிக்கொண்டு வந்த வார்டு பையன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சாப்ளினா சார்? மீசையையும் தொப்பியையும் வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றான். ட்ராலியில் படுத்திருந்த அம்மா சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அன்று அந்தத் தளத்தில் நடந்த ஒரே உருப்படியான ஆறுதல் அதுதான். அதைச் செய்தது நானில்லை.

எனக்கு 62 வயது. இரண்டு வருடங்களுக்கு முன்புவரை பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மென்டில் 33 வருடம் வேலை. வீடு அல்சூரில். ரிடையரான பிறகு எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பீரோவை ஒழித்தேன், ஏரிக்கரையில் நடந்தேன், சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று மனைவிக்கு யோசனை சொன்னேன். ஆறாவது மாதம் அவளே சபை அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நகரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், சாப்ளின்சி பிரிவுக்குப் பகுதிநேர உதவியாளர் தேடிக்கொண்டிருந்தது. தமிழும் கன்னடமும் தெரிந்தால் நல்லது, ஓய்வுபெற்றவர்களும் வரலாம். வாரத்தில் நாலு நாள், காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. பஸ் காசும் மதியச் சாப்பாடும் உண்டு.

"போய் நாலு பேரை நலம் விசாரிச்சிட்டு வாங்க. வீட்ல என்னை விசாரிச்சது போதும்" என்றாள்.

சாப்ளின் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு நான் வேலூரைச் சொல்லிவிடுவேன். சிஎம்சியில் படுத்து எழுந்த குடும்பம் இல்லாத தெரு வட ஆற்காட்டில் கிடையாது. அங்கே கட்டிலருகே வந்து பேர் கேட்டு, பேசி, விருப்பமிருந்தால் ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள், அவர்தான். மிஷன் ஆஸ்பத்திரிகளில் மட்டும் என்றில்லை. நம் ராணுவத்தில்கூடப் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று படைப்பிரிவுக்கு ஏற்ப மதபோதகர்கள் உண்டு. கண்டோன்மென்ட் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. என் வேலை அந்தப் பெரிய வேலைக்கு எடுபிடி. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

முதல் வாரம் ஆண்கள் சர்ஜிகல் வார்டில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயி, என் வயதுதான் இருக்கும். சர்க்கரை வியாதியால் புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். நான் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சுகர் எத்தனை வருடமாக இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா, போடவில்லையென்றால் ஏன், புண்ணை முதலில் யாரிடம் காட்டினார், எத்தனை நாள் கழித்து இங்கே வந்தார் என்று கேட்டேன். எல்லாம் அக்கறையோடுதான். அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் போர்வையை இடுப்புவரை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார்:

"சார், நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்னு இப்படிக் கேக்கறீங்க?"

அந்தக் கேள்வி முன்பே என் காதில் விழுந்திருக்கிறது. எத்தனையோ தடவை, வேறு ஒரு அறையில், மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து.

தொழிற்சாலையில் என் பாதி வேலை டொமஸ்டிக் என்கொயரி. ஒரு தொழிலாளி லீவு சொல்லாமல் நின்றுவிட்டால் முதலில் சார்ஜ் ஷீட். அவர் விளக்கம் எழுதிக் கொடுப்பார். அது போதவில்லை என்றால் என்கொயரி ஆபீசரைப் போடுவார்கள். நிர்வாகத்தின் சார்பில் கேள்வி கேட்பவர் ஒருவர், தொழிலாளிக்குத் துணையாக இன்னொரு தொழிலாளி. பெரும்பாலும் நிர்வாகத் தரப்பில் நான்தான், தமிழும் கன்னடமும் தெரியும் என்பதால். எத்தனை நாள் வரவில்லை? ஏன்? யாரிடம் சொன்னாய்? எழுத்தில் இருக்கிறதா? கேள்வியும் பதிலும் வரிக்கு வரி எழுதப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கப்படும். நான் கெட்டவனாக இருந்ததாக நினைக்கவில்லை. நியாயமான விசாரணையால் வேலை தப்பியவர்களும் உண்டு. ஆனால் 33 வருடத்தில் நாக்கு ஒரு வளைவுக்குப் பழகிவிட்டது. எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அது கேள்விக்குறியில் போய் நின்றது.

எங்கள் பிரிவின் தலைவர் ஒரு பாஸ்டரம்மா. காக்ஸ் டவுன் தமிழர். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். இந்த ஏற்பாட்டில் யார் மேலே யார் கீழே என்று முதல் ஒரு மாதம் எனக்கே பிடிபடவில்லை. அவர் எனக்குக் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் வெர்பாட்டிம். ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும் நினைவிலிருந்து எழுத வேண்டும்: அவர் சொன்னது, நான் சொன்னது, நடுவில் இருந்த மௌனம் உட்பட. பெயர், கட்டில் எண் எதுவும் கூடாது. எழுதியதை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். சாப்ளின் பயிற்சியில் இது அடிப்படைப் பாடம்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கேள்வி பதில் எழுதுவதா? என்னிடமா? இரண்டு பக்கம், கோடு தப்பாமல் எழுதிக் கொடுத்தேன்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, நான் பேசிய வரிகளில் இருந்த கேள்விக்குறிகளை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டே போனார். 17. அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "அங்கிள், இதுல குற்றவாளி யாரு?" என்றார்.

அதுவரை நான் தயாரித்த நடவடிக்கைக் குறிப்புகளில் மாட்டிக்கொள்வது எப்போதும் பதில் சொல்கிறவர்தான். இங்கே மாட்டிக்கொண்டது கேள்வி கேட்டவன். அறுபதைத் தாண்டி மாணவனாக உட்காருவது என்றால் கால் மூட்டு வலிக்கும், கணினி தட்டத் தெரியாது என்றெல்லாம் நினைத்திருந்தேன். அதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எதை நமக்குக் கைவந்த கலை என்று நினைக்கிறோமோ அதையே குறை என்று வட்டம் போட்டுக் காட்டுவதை உட்கார்ந்து கேட்பதுதான் கஷ்டம். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "நான் ரொம்பக் கேள்வி கேட்கிறேனா?" என்று கேட்டேன். "இதோட சேர்த்தா?" என்றாள்.

பாஸ்டரம்மா சொல்லித்தான் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகரைப் பற்றித் தெரிந்தது. மனம் பேதலித்து மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். குணமாகி வெளியே வந்தபின், ஐம்பதை நெருங்கும் வயதில், 1924இல் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். அடுத்த வருடமே இறையியல் மாணவர்களை வார்டுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். இன்றைய சாப்ளின் பயிற்சிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. புத்தகங்களைப் படிப்பதைப் போலவே, நோயாளிகளை உயிருள்ள மனித ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்றார் அவர். ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்தவனுக்கு இந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. அப்புறம் யோசித்தால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஃபைலில் நான் எப்போதும் தேடியது என்னவென்று எனக்குத்தானே தெரியும்? ஓட்டையைத்தான்.

இந்த வயதில் ஒரு சொல் மண்டைக்குள் புகுந்தால் லேசில் வெளியே போவதில்லை. விசாரிக்கிறது என்ற சொல்லைச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனிலும் விசாரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்றும் சொல்கிறோம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், வியாதியாயிருந்தபோது "விசாரிக்க வந்தீர்கள்" என்றுதான் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. சிறையில் இருந்தவனுக்கு மட்டும் "பார்க்க வந்தீர்கள்". சிறையில் ஏற்கனவே நிறைய விசாரித்திருப்பார்கள் என்று மொழிபெயர்த்தவர் நினைத்தாரோ என்னவோ. கவலைக்கு விசாரம் என்று பெயர். "என்ன விசாரம்?" என்று என் பாட்டி கேட்டால், "என்ன கவலை?" என்று அர்த்தம். திருவண்ணாமலையில் ரமணர் சொன்னதோ ஆத்ம விசாரம், தன்னைத்தானே விசாரிப்பது. நாலும் ஒரே வேர். நான் 33 வருடம் முதலாவதில் மட்டும் குடியிருந்திருக்கிறேன்.

பாஸ்டரம்மாவின் சிவப்பு வட்டங்களுக்குப் பிறகு எனக்குக் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல், நினைவு வந்தது. அப்பா சாம்பியன் ரீஃபில் சுரங்கத் தொழிலாளி. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் வளர்ந்தோம். துளையிடும் தூசி நெஞ்சில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் அந்த ஊரில் பல வீடுகளுக்குத் தெரிந்த நோய். அப்பாவுக்கும் வந்தது. 1976இல், எனக்கு 13 வயதாக இருந்தபோது, கடைசி ஆறு மாதம் அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும்.

வியாழக்கிழமை தோறும் உபதேசியார் வருவார். வேட்டி, கறுப்புக் குடை, தகரப் பெட்டிமேல் உட்காருவார். மற்றவர்கள் வந்தால் "எப்படி இருக்கு? மருந்து கேக்குதா? ராத்திரி தூங்கினியா?" என்பார்கள். அப்பா பதில் சொல்வார், பிறகு ஐந்து நிமிடம் இருமுவார். உபதேசியார் ஒன்றும் கேட்க மாட்டார். வந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, யார் வீட்டு ஆடு காணாமல் போனது, ஃபுட்பால் மேட்சில் யார் கோல் போட்டார், கோயில் கூரை எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். உரித்த கடலையைத் தட்டில் வைப்பார். அப்பா ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வார். போகும்போது இரண்டே வரியில் ஜெபம். வளவளவென்று பேசுகிற மனுஷன் என்று அன்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது, ஃப்ரேசர் டவுன் சிக்னலில் திடீரென்று உறைத்தது. பதில் சொல்ல மூச்சு வேண்டும். அந்த மனுஷன் அப்பாவின் மூச்சைச் செலவழிக்கவில்லை.

சரி, வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தினமும் ஞானம் வந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

காலை எட்டு மணிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், அன்றைக்கு ஆபரேஷன் உள்ளவர்கள் பட்டியல் வரும். முதலில் சிஸ்டர் ஸ்டேஷனில் கேட்க வேண்டும், யாரைப் பார்க்கலாம், யாரைக் கூடாது. கையைக் கழுவாமல் கட்டிலருகே போகக் கூடாது, கட்டிலில் உட்காரக் கூடாது. இரண்டையும் முதல் நாளே மீறித் திட்டு வாங்கினேன். "உங்களோட கொஞ்சம் பேசலாமா?" என்பது மட்டும் அனுமதிக்கப்பட்ட கேள்வி. வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஜெபம் அவர்களாகக் கேட்டால்தான். மதத்தைப் பற்றி நாமாக வாயே திறக்கக் கூடாது. கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது 2022இல். எங்கள் பிரிவின் இந்த விதி அதற்கெல்லாம் ரொம்ப முந்தையது என்று பாஸ்டரம்மா கொஞ்சம் ரோஷத்தோடுதான் சொல்வார். படுத்திருப்பவர் ஓடிப்போக முடியாது, அவரிடம் பிரசங்கம் பண்ணுவது அநியாயம் என்பது அவர் கட்சி.

ஒரு கத்தோலிக்கப் பாட்டி, "அவஸ்தை பூசணும், சாமியாரைக் கூப்பிடு" என்றார். நோயில் பூசுதலைத்தான் அந்தக் காலத்துப் பெயரில் சொன்னார். நான் சிஎஸ்ஐக்காரன், எனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். "நானே ஜெபம் பண்றேனேம்மா" என்றேன். பிஎம்டிசி கண்டக்டர் விமானம் ஓட்டுகிறேன் என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தார். அதைக் குருவானவர் மட்டும்தான் செய்ய முடியும். ஓடிப்போய் போன் பண்ணினேன். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, நல்ல தமிழில், "நீங்களும் துவா பண்ணுங்க, எங்க அஜ்ரத்துக்கும் சொல்லிடுங்க" என்றார். இரண்டையும் செய்தேன். விபூதி டப்பாவைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னால் எடுத்துக் கொடுப்பேன். இனி குணப்படுத்த வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட புற்றுநோய்க் குடும்பங்களுக்கு, மாரத்தஹள்ளிப் பக்கம் கருணாஸ்ரயா என்ற பராமரிப்பு இல்லம் இருப்பதைச் சொல்வோம். 1999லிருந்து இலவசமாக நடக்கிறது. அங்கே போவதைக் கைவிடுவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று சொல்ல ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, கடைசிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸைப் பற்றியும் வகுப்பில் வந்தது. முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அப்புறம் மருத்துவம் படித்து 1957இல் டாக்டரானபோது நாற்பதை நெருங்கியிருந்தார். உடம்பு வலியோடு மனவலி, குடும்பத்தைப் பற்றிய வலி, ஏன் எனக்கு என்கிற வலி எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலி என்றவர் அவர். இதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. "உடம்புகூடப் பரவால்ல சார், வட்டிதான்" என்பார்கள்.

சாப்ளின் என்ற சொல்லே ஒரு போர்வையிலிருந்து வந்ததாம். நாலாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்று கதை. அந்த அங்கிக்கு லத்தீனில் கப்பெல்லா, அதைக் காத்தவர்கள் கப்பெல்லானி. பாதிதான் கொடுத்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முழுசாகக் கொடுத்திருந்தால் மறுநாள் அவரும் வார்டில் படுத்திருப்பார். முதல் இரண்டு மாதம் நான் முழுசாகக் கொடுக்கப் பார்த்து, ராத்திரி தூக்கம் கெட்டு, என் சுகர் மாத்திரையைக்கூட மறந்து திரிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐசியு வாசலுக்குக் கூப்பிட்டார்கள். ஒயிட்ஃபீல்டில் கட்டட மேஸ்திரியாக இருந்தவர், தர்மபுரிக்காரர், நாற்பது வயது, மாரடைப்பு. டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் கணவரின் சட்டையும் செருப்பும். அழவில்லை. "பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கு. மத்தியானம் யாரு சோறு போடுவா?" என்றார். எனக்கு வாய்வரை நாலு கேள்வி வந்தது. பக்கத்து வீட்டில் யார், அண்ணன் தம்பி இருக்கிறார்களா, எந்த ஸ்கூல், போன் நம்பர் என்ன. எல்லாம் தேவையான கேள்விகள்தான், பத்து நிமிடம் கழித்து அவற்றைக் கேட்கவும் செய்தேன். ஆனால் அப்போது அந்தப் பையை மட்டும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். கை காலியானதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதார்.

அதன்பின் இரண்டு மணி நேரம் பில் கவுண்டர், இறப்புப் படிவம், உடலை அத்திப்பள்ளி எல்லை தாண்டிக் கொண்டுபோக ஆஸ்பத்திரிக் கடிதம், ஆம்புலன்ஸ் வாடகை பேரம். பேரத்தில் என் பழைய குரல் நன்றாகவே உதவியது. அன்றைய வெர்பாட்டிமில் அவர் பேசியது ஒன்றரைப் பக்கம். என் பெயருக்கு எதிரே பெரும்பாலும் "ம்". பாஸ்டரம்மா படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் வைத்தார். பேனாவை எடுக்கவில்லை.

போன மாதம் ஓபி வரிசையில் யாரோ "சாரு!" என்று கூப்பிட்டார்கள். காவேரிப்பட்டணத்துக்காரர். செயற்கைக்கால் பொருத்தி, கோலூன்றி நின்றுகொண்டிருந்தார். மகன் கையில் ஒரு பை நிறைய பெங்களூரா மாங்காய். நம் ஊர்ப் பெயரில் அங்கே விளைவது, இங்கே கிளிமூக்கு என்போம். பையை என்னிடம் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இளைச்சிட்டீங்களே. உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை வருசமா?"

"பதினொண்ணு."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"நடுவுல கொஞ்ச நாள் விட்டுட்டேன்."

"ஏன்?"

மகன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் விடவில்லை. பெஞ்சில் இடம் காலியானதும் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, காலைக் காட்டச் சொன்னார். ஷூவைக் கழற்றினேன், சாக்ஸையும் கழற்றினேன். குனிந்து, விரல் விரலாகப் பார்த்தார்.

"இந்தக் கொப்புளம் எப்ப வந்துச்சு? யார்கிட்ட காட்டினீங்க?"

யாரிடமும் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.